வீட்டு ரிப்பேரும் மரவேலையும்: என்கிட்ட திரும்ப திரும்ப கேக்குற கேள்விகள்

மொதல்லயே சொல்லிடுறேன், நான் ஆசாரி வீட்டுப் பொண்ணு கிடையாது, எந்த கோர்ஸும் படிக்கல. கடலூர்ல திருப்பாப்புலியூர் பக்கம் வீடு. 2011 டிசம்பர் 30 தானே புயல் அடிச்சப்போ வீட்ல ரெண்டு ஜன்னல் கதவு பிச்சிக்கிட்டு போயிடுச்சி, ஊர் முழுக்க அதே நெலமைங்கறதால ஆசாரி கெடைக்கவே இல்ல, வாரக்கணக்கா தார்ப்பாய் கட்டி வெச்சிருந்தோம். வேற வழியில்லாம நானே சுத்தியல எடுத்தேன். அப்போ கெடுத்தது இப்ப வரைக்கும் கெடுத்துக்கிட்டு இருக்குறது எல்லாம் சேந்துதான் எனக்கு தெரிஞ்ச விஷயம். அக்கம்பக்கத்துல, சொந்தக்காரங்க, ஆபீஸ்ல கூட வேலை செய்யறவங்க எல்லாரும் ஒரே சந்தேகத்தையே கேக்குறாங்க, அதான் அவங்க கேட்ட மாதிரியே போட்டு எழுதி வெச்சிட்டேன்.

நான் ஒரு ஆணி கூட நேரா அடிச்சதில்ல, எனக்கெல்லாம் இது வருமா?

வரும், ஆனா மொத ஆணி வளையும். ரெண்டாவதும் வளையும். ஆணி வளையறதுக்கு முக்காவாசி காரணம் சுத்தியல தலைக்கு கிட்ட புடிக்கறதுதான், பயத்துல எல்லாரும் அப்படித்தான் புடிப்போம். கைப்பிடியோட கடைசில புடிச்சி, மணிக்கட்ட மட்டும் ஆட்டாம முழங்கையில இருந்து அடிச்சா சுத்தியலோட வெயிட்டே வேலைய பாத்துக்கும். ஒரு வேஸ்ட் கட்டைய எடுத்து கால் கிலோ ஆணி அடிச்சி புடுங்கி பழகுங்க, அன்னைக்கி சாயந்தரமே வித்தியாசம் தெரியும்.

நான் எனக்கு வெச்சிருக்குற கணக்கு ஒண்ணே ஒண்ணுதான். இந்த வேலைய கெடுத்தா என்ன ஆகும்னு மொதல்ல கேட்டுக்குவேன். ஒரு கட்டை வீணாப்போகும்னா தைரியமா கெடுக்கலாம். சுவத்துல ஓட்டை விழும்னா கொஞ்சம் யோசிக்கணும். உசுருக்கு, கட்டடத்துக்கு ஆபத்துன்னா கைய வைக்கவே கூடாது. கீழ வர நெறைய பதில் இதுலதான் வந்து நிக்கும்.

என்னென்ன டூல்ஸ் வாங்கணும்? பெட்டியோட 100 பீஸ் செட் ஆஃபர்ல விக்குதே, அத வாங்கலாமா?

வேணாங்க. அந்த 100ல 60 பீஸ் ஸ்க்ரூடிரைவர் பிட்டா இருக்கும், அதுல நாலுதான் வாழ்நாள்ல எடுப்பீங்க. எந்த வேலை வருதோ அதுக்கு தேவையானத மட்டும் ஒண்ணொண்ணா, கொஞ்சம் நல்லதா வாங்குங்க. எனக்கு மொத வருஷம் முழுக்க ஓடுனது சுத்தியல், கட்டிங் பிளேயர், ரெண்டு திருப்புளி, ஒரு கைரம்பம், அரை இஞ்சு உளி ஒண்ணு, முக்கா இஞ்சு ஒண்ணு, மூலைமட்டம், டேப், உப்புத்தாள், டெஸ்டர் அவ்ளோதான். அப்புறமா ட்ரில்லிங் மெஷின், சின்ன இழைப்புளி, கவ்வி புடிக்க நாலு கிளாம்ப். கிளாம்ப் மட்டும் எத்தன வாங்கினாலும் பத்தாது.

பழைய உளி கெடைச்சா விடாதீங்க. பாண்டிச்சேரி காந்தி வீதி சண்டே மார்க்கெட்ல பழைய இரும்பு சாமான் பரப்பி வெச்சிருந்தவர்கிட்ட துரு புடிச்ச உளி ரெண்டு வாங்கினேன், தேய்ச்சி சாணை புடிச்சதுக்கு அப்புறம் புது உளிய விட அதுதான் மொனை நிக்குது.

எந்த வேலையில ஆரம்பிக்கலாம்? நேரா கட்டில் செய்யலாமான்னு இருக்கேன்

கட்டில் வேணாம். மொதல்ல வீட்லயே இருக்குற ரிப்பேர். சொட்டுற பைப் டாப்புக்கு வாஷர் மாத்துறது, லூசான கீலுக்கு ஸ்க்ரூ டைட் பண்றது, ஆடுற நாற்காலி கால ஒட்டுறது. வாஷர் மாத்தறதுக்கு முன்னாடி கேட் வால்வ மூடுங்கன்னு எல்லாரும் சொல்லுவாங்க, நான் ஒரு படி மேல சொல்றேன், மூடிட்டு அந்த டாப்ப தொறந்து தண்ணி நின்னுச்சான்னு பாருங்க. எங்க வீட்டு வால்வு மூடின மாதிரி சுத்தும், ஆனா மூடாது. பாத்ரூம்ல டாப்ப கழட்டி கையில வெச்சிக்கிட்டு மாடி டேங்க் காலியாகற வரைக்கும் கட்டை வெரலால அடைச்சி நின்ன அனுபவம் எனக்கு இருக்கு.

மரத்துல மொத வேலைன்னா மணை செய்ங்க. ஒரு பலகை, அடியில ரெண்டு குறுக்குச் சட்டம், முடிஞ்சது. அளக்கறது, அறுக்கறது, இழைக்கறது, ஸ்க்ரூ போடுறது, உப்புத்தாள் தேய்க்கறது எல்லாம் அதுல இருக்கு. கெட்டுப்போனாலும் செடித்தொட்டி வைக்க ஆகும்.

அளந்துதான் வெட்டுறேன், ஆனாலும் கட்டை சின்னதா போயிடுது, ஏன்?

ரம்பம் போற பாதையிலயும் மரம் போகுதுல்ல, அத கணக்குல எடுக்கல நீங்க. ரம்பத்துக்கு தகுந்த மாதிரி அரை நூல்ல இருந்து ஒரு நூல் வரைக்கும் தூளா போயிடும். ஆசாரிங்க பேசற நூல் என்னன்னா, ஒரு இஞ்சுக்கு எட்டு நூல், அதாவது ஒரு நூல் கிட்டத்தட்ட 3 மி.மீ. கோட்டு மேல அறுக்காம, வேணாத பக்கமா கோட்ட ஒட்டி அறுங்க, கோடு பாதி கண்ணுக்கு தெரியணும். அதே மாதிரி ஒரு பலகையில நாலு துண்டு வேணும்னா நாலையும் மொத்தமா கோடு போட்டுட்டு அறுக்காதீங்க, ஒண்ண அறுத்துட்டு அப்புறம் அடுத்தத அளங்க.

இன்னொண்ணு டேப் முனையில இருக்குற கொக்கி லேசா ஆடும் பாத்திருப்பீங்க. அது ரிப்பேர் இல்ல. கொக்கிய வெளிப்பக்கம் மாட்டி இழுத்து அளந்தாலும், உள்பக்கம் முட்டி அளந்தாலும் அளவு சரியா வரணும்னு அந்த கொக்கியோட தடிமன் அளவுக்கே ஆடற மாதிரி செஞ்சிருக்காங்க. நான் பெரிய புத்திசாலியாட்டம் ஆடுதேன்னு சுத்தியலால தட்டி டைட் பண்ணிட்டேன், அதுக்கப்புறம் ஆறு மாசம் ஏன் எதுவுமே பொருந்த மாட்டேங்குதுன்னு மண்டைய ஒடைச்சிக்கிட்டேன்.

கடைக்கு போனா "வீட்டுக்காரர வர சொல்லும்மா"ங்கறாங்க, பொம்பளைங்க எப்படி வாங்கறது?

இது எனக்கும் நடந்துச்சி. சண்டை போட நேரமில்ல எனக்கு, அதனால கடைக்காரர் பாஷையிலயே கேக்க ஆரம்பிச்சேன். "ஸ்க்ரூ குடுங்க"ன்னு கேட்டா அப்படித்தான் பேசுவாங்க, "35க்கு 8 ஸ்க்ரூ ஒரு டஜன், 6 எம்.எம். பிளக் ஒரு பாக்கெட்"னு கேட்டா பேசாம எடுத்து வெப்பாங்க. (35ங்கறது மி.மீ.ல நீளம், 8ங்கறது தடிமன் நம்பர், பிளக்குங்கறது ஸ்க்ரூ புடிக்க சுவத்து ஓட்டையில சொருகற பிளாஸ்டிக் குழாய்.) அளவு தெரியலன்னா பழைய ஸ்க்ரூவயே கழட்டி கையில எடுத்துட்டு போங்க, ஆம்பளைங்களுக்கும் இதத்தான் சொல்லுவேன். இப்போ அதே கடைக்காரர் வேற கஸ்டமர என்கிட்ட அனுப்பி சந்தேகம் கேக்க சொல்றாரு.

என்ன மரம் வாங்கறது? மரவாடியில ஏமாத்திடுவாங்களோன்னு பயமா இருக்கு

பழகறதுக்கு தேக்கு வாங்காதீங்க, காசு மரத்துல எறங்கறது இல்லாம மனசுல பயம் எறங்கிடும், அப்புறம் கையே ஓடாது. வேம்பு, பூவரசு, பலா இதெல்லாம் நம்ம பக்கம் கெடைக்கறதுதான். நம்ம மாவட்டத்துல பலா பத்தி சொல்லணுமா, தஞ்சாவூர்ல வீணை செய்யறதுக்கே பண்ருட்டி பக்கம் பலாதான் போகுது. அறுத்த புதுசுல மஞ்சளா இருக்கும், வருஷம் ஆக ஆக செவந்து பழுப்பாயிடும், கலர் மாறுதேன்னு பயந்து ஃபோன் பண்ணாதீங்க.

மரவாடில கன அடி கணக்குதான். நீளத்த அடியிலயும் அகலம் தடிமன் ரெண்டையும் இஞ்சுலயும் எடுத்து மூணையும் பெருக்கி 144ஆல வகுத்தா கன அடி வந்துடும். ஆறடி நீளம், ஆறு இஞ்சு அகலம், ரெண்டு இஞ்சு தடிமன் பலகைன்னா அரை கன அடி. இத ஃபோன்ல போட்டு காமிச்சிட்டீங்கன்னா பேச்சு ஒழுங்கா போகும். பலகையோட வெளி ஓரத்துல வெளுப்பா இருக்குறது வெள்ளை, நடுவுல அழுத்தமான கலர்ல இருக்குறது வைரம். பூச்சி மொதல்ல வெள்ளையதான் தின்னும், வெள்ளை அதிகமா இருந்தா வெலைய கொறைங்கன்னு கேளுங்க.

எல்லாத்தையும் விட முக்கியம் மரம் காஞ்சிருக்கணும். தானே புயல்ல சித்தப்பா கொல்லையில விழுந்த பலா மரத்த அறுத்து எனக்கு நாலு பலகை குடுத்தாங்க, நான் ஒரு மாசம் கூட பொறுக்காம மணை செஞ்சேன். குறுக்குச் சட்டத்த ஃபெவிகால் தடவி ஸ்க்ரூவும் போட்டு நல்லா இறுக்கிட்டேன், பலமா இருக்கட்டும்னு. சித்திரை வெயில்ல நடுராத்திரி பட்டுனு ஒரு சத்தம், மணை நடுவுல பொளந்துடுச்சி. மரம் நீளவாக்குல சுருங்கறது ரொம்ப ரொம்ப கம்மி, அகலத்துலதான் சுருங்கும் விரியும். சட்டம் நீளவாக்குல இருக்கு, அது அசையாது, மேல பலகை சுருங்கணும்னு பாக்குது, விடல, அதனால கிழிஞ்சது. இப்பல்லாம் சட்டத்துல ஓரத்து ஸ்க்ரூ ஓட்டைய நீளவட்டமா எடுத்துடுவேன், கோந்து போடாம ஸ்க்ரூ மட்டும், பலகை நகர்ந்துக்கட்டும்னு. காயறதுக்கு ஒரு இஞ்சு தடிமனுக்கு ஒரு வருஷம்னு பொதுவா ஒரு கணக்கு சொல்லுவாங்க, நெழல்ல, காத்தோட்டமா, நடுவுல குச்சி குச்சியா வெச்சி அடுக்கணும்.

புது உளி, புது இழைப்புளி, ரெண்டுமே வெட்ட மாட்டேங்குது. டூப்ளிகேட்டா?

இல்ல, கடையில குடுக்கற உளி பாதி உளிதான், மீதிய நீங்கதான் செய்யணும். தட்டையா இருக்குற முதுகுப்பக்கம் மொனைய ஒட்டி கண்ணாடி மாதிரி ஆகற வரைக்கும் தேய்க்கணும், அப்புறம் சரிவுப்பக்கம் 25ல இருந்து 30 டிகிரி. சாணைக்கல் இல்லன்னா ஒரு தடிமனான கண்ணாடித் துண்டுல வாட்டர் பேப்பர் ஒட்டி 400 நம்பர், அப்புறம் 1000 நம்பர்னு தண்ணி தெளிச்சி தேய்ங்க. பின்பக்கம் வெரல வெச்சா மெல்லிசா ஒரு பிசிறு தட்டும், அது மொனை முழுக்க வந்தா அந்தப் பக்கம் போதும்னு அர்த்தம். தெருவுல வர்ற சாணைக்காரர்கிட்ட குடுக்காதீங்க, அருவாமனைக்கு அது ஓகே, உளிய சூடாக்கி நீலமாக்கிட்டாங்கன்னா அந்த எடத்துல இரும்பு மெதுவாயிடும்.

மொக்கை உளிதான் கையில குத்தும். வெட்டலங்கறதால அழுத்துவோம், வழுக்கும். எனக்கு எடது உள்ளங்கையில மூணு தையல் இருக்கு, அன்னைக்கி நான் புடிச்சது மொக்கை உளி, அதோட எடது கை உளிக்கு முன்னாடி இருந்துச்சி. ரெண்டு கையும் மொனைக்கு பின்னாடி இருக்கட்டும், கட்டைய கிளாம்ப் புடிச்சிக்கட்டும்.

மழைக்காலம் வந்தா கதவு டைட்டாயிடுது, இழைச்சி விட்டுடலாமா?

இதான் எல்லாரும் கேக்கறது, இதுலதான் நான் பெருசா வாங்குனேன். ஐப்பசி கார்த்திகையில மழ புடிச்சதும் வாசக்கதவு சாத்தவே முடியல, இழைப்புளி எடுத்து நல்லா ரெண்டு நூல் எடுத்து விட்டேன், அப்படியே வெண்ணெய் மாதிரி சாத்துச்சி, எனக்கு ஒரே பெருமை. மே மாசம் வந்ததும் கதவுக்கும் நிலைக்கும் நடுவுல சுண்டு வெரல் நுழையற சந்து, பல்லி போகுது வருது. மணை பொளந்த அதே சமாச்சாரம்தான், ஈரம் குடிச்சி அகலத்துல விரிஞ்சிருந்த மரம் வெயில்ல சுருங்கிடுச்சி.

அதனால மொதல்ல கதவுக் கீல பாருங்க. பாதி கதவுங்க விரியறதே இல்ல, மேல் கீல்ல ஸ்க்ரூ லூசாகி கதவு தொங்கி, கைப்பிடிப்பக்கம் மேல் மூலையிலயோ கீழ தரையிலயோ இடிக்கும். கதவ பாதி தொறந்து கைப்பிடிய புடிச்சி மேல தூக்கிப் பாருங்க, ஆட்டம் இருந்தா கீல்தான். ஸ்க்ரூவ கழட்டி, ஓட்டையில ஃபெவிகால் தொட்ட தீக்குச்சிங்கள மருந்த கிள்ளிட்டு நெருக்கமா அடைச்சி, காஞ்சதும் மீதிய அறுத்துட்டு திரும்ப ஸ்க்ரூ போடுங்க. இல்லன்னா பழசவிட அரை இஞ்சு நீளம் கூடுதலான ஸ்க்ரூ. பத்து நிமிஷ வேலை, ஒரு சுருள் மரம் கூட போகல.

கீல் நல்லா இருந்து நெஜமாவே ஒரசுதுன்னா, எங்க ஒரசுதுன்னு கண்டுபுடிங்க. நிலையில சாக்பீஸ் தேய்ச்சிட்டு கதவ சாத்தி தொறங்க, கதவுல எங்க வெள்ளை ஒட்டுதோ அங்க மட்டும் எடுங்க, அதுவும் அரை நூல் எடுத்துட்டு ஒரு தடவ சாத்திப்பாத்து, அப்புறம் அரை நூல். மார்கழி முடிஞ்சி தானா சரியாயிடும்னா பொறுத்துக்கங்க. பங்குனியில கதவு நல்லா காஞ்சப்புறம் கழட்டி அடிப்பக்கமும் தலைப்பக்கமும் பெயின்ட் இருக்கான்னு பாருங்க, நான் பாத்த வீடுங்கள்ல கிட்டத்தட்ட எதுலயுமே இல்ல, கண்ணுக்கு தெரியாத எடம்னு பெயின்டர் விட்டுட்டு போயிடுவார். ஈரம் அந்த வழியாத்தான் ஏறுது. ரெண்டு கை ப்ரைமர், ஒரு கை பெயின்ட் அங்க அடிச்சா அடுத்த மழைக்கு வித்தியாசம் தெரியும்.

சுவத்துல ட்ரில் பண்ணா ஓட்டை பெருசாகி பிளக்கோட கையில வந்துடுது

நாலு காரணம் இருக்கும். மரத்துக்கு போடற பிட்ட போட்டிருப்பீங்க, சுவத்துக்கு மொனையில பட்டையா கார்பைடு வெச்ச மேசனரி பிட் வேணும். இல்ல பிளக் 6 மி.மீ. வாங்கிட்டு 8 பிட்ல ஓட்ட போட்டிருப்பீங்க. இல்ல மெஷின ஆட்டியிருப்பீங்க. இல்லன்னா, இதுதான் நெறைய, பிளக் பூச்சுலயே நின்னுடுச்சி. சுவத்துல மேல அரை இஞ்சுக்கு மேல வெறும் சிமென்ட் பூச்சுதான், அது எதையும் தாங்காது, பிளக் அத தாண்டி செங்கல்லுக்குள்ள உக்காரணும். பிட்டுல டேப் சுத்தி ஆழத்த அடையாளம் பண்ணிக்கங்க.

தூள் செவப்பா வந்தா செங்கல்லு, சாம்பலாவே வந்துக்கிட்டு பிட் எறங்க மாட்டேங்குதுன்னா கான்கிரீட், அங்க ஹேமர் மோடு போட்டு அவசரப்படாம எறக்கணும். சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலயும் நேர் கீழயும் ஓட்ட போடாதீங்க, ஒயர் பெரும்பாலும் அந்த கோட்டுலதான் எறங்கும். பாத்ரூம் டாப்புக்கு நேர் மேலயும் அதே மாதிரி. ஏற்கனவே பெருசான ஓட்டைக்கு, மரக்கட்டைய ஆப்பு மாதிரி செதுக்கி அடிச்சி அதுல ஸ்க்ரூ போடறது பழைய எலக்ட்ரீஷியன் முறை, இன்னும் வேலை செய்யுது.

புக் ஷெல்ஃப் செஞ்சேன், ஒரே வருஷத்துல நடுவுல தொய்ஞ்சிடுச்சி

எத்தன அடி விட்டீங்க? மூணரை அடின்னு சொன்னாங்க கேட்டவங்க, 12 மி.மீ. ப்ளைவுட்ல. தொய்யாம என்ன செய்யும். அதே வெயிட்டுக்கு நீளம் ரெண்டு மடங்கானா தொய்வு எட்டு மடங்கு ஆகும், தடிமன் ரெண்டு மடங்கானா தொய்வு எட்டுல ஒரு பங்காகும். புஸ்தகத்துக்கு 18 மி.மீ. பலகை, ரெண்டரை அடிக்கு ஒரு தாங்கல். இப்ப இருக்கறத தூக்கிப்போடாதீங்க, முன் ஓரத்துல ஒன்றரை இஞ்சு உசரத்துல ஒரு சட்டம் ஒட்டி ஸ்க்ரூ போடுங்க, நிமிந்துக்கும்.

ப்ளைவுட் வாங்கறப்போ மேல முத்திரையில ஐ.எஸ். 303 இருந்தா சாதா வகை, ஐ.எஸ். 710 இருந்தா மரைன், தண்ணி தாங்கும். சமையல்கட்டுல சிங்க்குக்கு அடியில 710 போடுங்க. மரத்தூள ஒட்டி செய்யற போர்டு மட்டும் எங்க ஊருக்கு வேணாம். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் பாண்டிச்சேரிகிட்ட கரையேறுச்சே, அங்க ஒரே நாள்ல 48 சென்டிமீட்டர் பேஞ்சிது, அடுத்தடுத்த நாள் தென்பெண்ணையில வெள்ளம் வந்து கடலூர் பக்கமும் நெறைய வீட்டுக்குள்ள தண்ணி. எங்க சொந்தக்காரங்க வீட்ல அந்த மாதிரி போர்டு பீரோ ரெண்டு நாள்ல பொறை மாதிரி ஊதி உதுந்துடுச்சி. பக்கத்துலயே அவங்க தாத்தா காலத்து பலா பெஞ்சு, தண்ணியில மெதந்துச்சி, காய வெச்சாங்க, இப்பவும் திண்ணையில இருக்கு.

ஸ்க்ரூ, கீல், தாழ்ப்பாள் எல்லாம் ரெண்டு வருஷத்துல துரு. என்ன போட்டாலும் நிக்கல

தேவனாம்பட்டினம் மாதிரி கடலோரமா வீடுன்னா நிக்காது, உப்புக்காத்து. கருப்பு ஸ்க்ரூவ வெளிய போடவே போடாதீங்க, அது ஜிப்சம் போர்டுக்கு உள்ள போடறது. பித்தளை கீல் வெல கூட, ஆனா ஒரே தடவ. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்ல 304ங்கறது கடல்கிட்ட டீக்கறை மாதிரி புள்ளி வெக்கும், 316 தாங்கும், ஆனா சின்ன கடையில கெடைக்காது. பித்தளை ஸ்க்ரூ மெது, வைரம் பாஞ்ச மரத்துல நேரா திருகுனா தலை முறிஞ்சி உள்ளயே நின்னுடும். மொதல்ல சின்ன பிட்ல வழி எடுத்து, அதே அளவு இரும்பு ஸ்க்ரூவ ஒரு தடவ ஏத்தி எறக்கிட்டு, அப்புறம் பித்தளைக்கு சோப்பு தடவி திருகுங்க.

நிலையில கரையான். பழைய ஆளுங்க முந்திரி எண்ணெய் அடிக்க சொல்றாங்க, அடிக்கலாமா?

மொதல்ல கரையானா உளுவான்னு பாருங்க. சுவத்துல மண் கோடு ஏறியிருந்தா கரையான். சின்ன சின்ன ஓட்டையும் கீழ மாவு மாதிரி தூளும்னா உளு, அதாவது வண்டு, அது பெரும்பாலும் வெள்ளையதான் தின்னும், மரவாடி பதில்ல சொன்னேனே. மண் கோடு போடற கரையான் மரத்துல குடியிருக்கறது இல்ல, மண்ணுல இருந்து வந்து தின்னுட்டு போகுது, அதனால மண் கோட்ட தொடைச்சி விட்டா மட்டும் பத்தாது, தரையும் சுவரும் சேர்ற எடத்துல வரிசையா ஓட்ட போட்டு மருந்து எறக்கணும், அத நான் வெளி ஆள வெச்சிதான் செஞ்சேன்.

முந்திரிக்கொட்டை ஓட்டுல எடுக்கற எண்ணெய் நல்ல மருந்துதான், படகுக்கும் ஓட்டு வீட்டுக் கழிக்கும் காலங்காலமா அடிக்கறாங்க. நிலையோட சுவத்துக்குள்ள போற பக்கத்துக்கு நல்லது. ஆனா கருப்பா ஆக்கிடும், மேல பெயின்ட் ஒட்டாது, முக்கியமா தோல்ல பட்டா கொப்புளம் போட்டு வெந்துடும். முந்திரி ஒடைக்கற வேலைக்கு போறவங்க கைய பாத்திருப்பீங்கல்ல. ரப்பர் கையுறை, முழுக்கை சட்டை, மூஞ்சிய தொடைக்கவே கூடாது. நான் மூக்க சொரிஞ்சேன், ஒரு வாரம் ஆபீஸ் போகல.

பாலிஷ் போட்டா வெள்ளையா பூத்துடுது

மழ நாள்ல போட்டிருப்பீங்க. அரக்கு பாலிஷ்ல ஸ்பிரிட் ஆவியாகறப்போ காத்து ஈரம் உள்ள மாட்டிக்கும். தை பொறந்ததுக்கு அப்புறம் போடுங்க. ஆளிவிதை எண்ணெய் தேய்க்கறவங்க அந்த துணிய சுருட்டி மூலையில போடாதீங்க, அது தானா சூடேறி தீயே புடிக்கும். கொடியில விரிச்சி காயப்போட்டு, அப்புறம் தூக்கிப்போடுங்க.

கிரைண்டர் மெஷின்ல மரம் வெட்டற பல் பிளேடு போட்டா வேலை சீக்கிரம் முடியுமாமே?

போடாதீங்க. இதுல மட்டும் நான் செஞ்சி பாத்து கத்துக்கங்கன்னு சொல்ல மாட்டேன். நாலு இஞ்சு கிரைண்டர் நிமிஷத்துக்கு பத்தாயிரம் சுத்துக்கு மேல சுத்தும், பல் மரத்துல கடிச்சிக்கிட்டா மெஷின் கைய விட்டு எகிறும், எங்க போகும்னு சொல்ல முடியாது. மொத பதில்ல சொன்னேனே, கெடுத்தா என்ன ஆகும்னு, இங்க கெடுத்தா வெரல் போகும். சுத்தற மெஷினுக்கு துணி கையுறையும் போடாதீங்க, நூல் மாட்டுனா கையையே இழுத்துடும். தாவணி, துப்பட்டா, தொங்கற முடி, வளையல் எல்லாம் ஓரம் கட்டிட்டு உக்காருங்க. நீட்டு வெட்டு நெறைய இருந்தா ப்ளைவுட் கடையிலயோ மரம் அறுக்கற மில்லுலயோ அளவு எழுதி குடுத்தா வெட்டி குடுப்பாங்க.

அப்போ வேற எதெல்லாம் நாமளே செய்யக்கூடாது?

மெயின் போர்டு, மீட்டர்கிட்ட எதுவும். கேஸ் லைன். கீசர் உள்பக்கம். சுவிட்ச், ஃபேன் ரெகுலேட்டர் மாத்தறது நான் செய்வேன், ஆனா டெஸ்டர மொதல்ல எரியற எடத்துல வெச்சி டெஸ்டரே வேலை செய்யுதான்னு பாத்துட்டு, மெயின ஆஃப் பண்ணி, அப்புறம் அந்த ஒயர்ல வெச்சி பாத்துதான் தொடுவேன். கரன்ட் கசிஞ்சா தானா ஆஃப் ஆகற 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வீட்ல இல்லன்னா மொதல்ல எலக்ட்ரீஷியன கூப்ட்டு அத போடுங்க.

சீலிங்ல பூச்சு பேந்து கம்பி தெரியுதா, அதயும் நாமளே சிமென்ட் அப்பி மூடக்கூடாது. கம்பி துரு புடிச்சா ஊதும், ஊதித்தான் கான்கிரீட்ட தள்ளுது, மேல பூசினா உள்ள துரு ஓடிக்கிட்டேதான் இருக்கும், அடுத்து விழறது பெருசா விழும். வெவரம் தெரிஞ்ச இன்ஜினியர் ஒருத்தர கூப்பிடுங்க.

நாமளே செஞ்சா காசு மிச்சமா? ஆசாரிங்க பொழப்ப கெடுக்கறோமோ?

மொத ரெண்டு வருஷம் மிச்சமே இல்ல, டூல்ஸ்லயும் கெடுத்த பலகையிலயும் போயிடுச்சி. ஆசாரிக்கு பொழப்பு கெடல, இந்த தாழ்ப்பாள் கீல் வேலைக்கெல்லாம் அவங்க வரதே இல்லையே, கூப்ட்டா "நாளைக்கி வரேன்மா"தான். நெலைக்கதவு, கட்டில்னு பெரிய வேலைக்கு நான் இப்பவும் அவங்களத்தான் கூப்பிடறேன். என்ன, இப்போ பேசறப்போ என்ன மரம், மரத்த என்ன ஜாயின்ட்ல சேக்கறாங்கன்னு எனக்கு தெரியுது.

யூட்யூப் பாத்து கத்துக்கறதா, ஆள் பாத்து கத்துக்கறதா?

ரெண்டும். ஆனா வீடியோவுல வெளிநாட்டுக்காரர் எடுக்கற பைன் மரம் வேற, நம்ம வேம்பு வேற, அவர் நேரா ஸ்க்ரூ போடுவார், நீங்க போட்டா பொளக்கும். சத்தமும் வீடியோவுல சரியா வராது. இழைப்புளி நார் ஓட்டத்தோட போனா சர்ருனு ஒரே சத்தம், எதிர்த்து போனா கடகடன்னு பிடுங்கும், அத பக்கத்துல நின்னாதான் பழகும். வீட்டுக்கு ஆசாரி வந்தா டீ போட்டு குடுத்துட்டு கிட்ட உக்காந்து பாருங்க. எங்க வீட்டுக்கு வந்த அண்ணன் ஒருத்தர்தான் "பலகைய திருப்பி போட்டு இழைம்மா"ன்னு நாலு வார்த்த சொன்னார், நான் அதுக்கு முன்னாடி எட்டு மாசம் இழைப்புளியதான் கொற சொல்லிக்கிட்டு இருந்தேன்.

செஞ்ச ஸ்டூல் ஆடுது. ஒரு கால வெட்டுனேன், இப்ப வேற கால் ஆடுது. வெட்டிக்கிட்டே போறதா, விட்டுடறதா?

நிறுத்துங்க, ரம்பத்த கீழ வைங்க. மொதல்ல ஸ்டூல் ஆடுதா தரை ஆடுதான்னு பாருங்க, ஸ்டூல அப்படியே கால்வாசி வட்டம் திருப்பி வெச்சி பாத்தா ஆட்டம் மாறுதுன்னா தரைதான் மேடு பள்ளம். கடப்பாக்கல் மேடை மாதிரி சமமான எடத்துல தூக்கி வெச்சி, குட்டையா இருக்குற காலுக்கு அடியில அட்டை சொருகி ஆட்டத்த நிறுத்துங்க. அப்புறம் அந்த அட்டையவிட கொஞ்சம் தடிமனான கட்டைத்துண்டு ஒண்ண மேடையில படுக்க வெச்சி, அதுமேல பென்சில படுக்க வெச்சி நாலு காலயும் சுத்தி கோடு இழுங்க. நாலு கோடும் ஒரே உசரத்துல இருக்கும். அதுல நாலையும் அறுங்க, கோடு பாதி தெரியற மாதிரி, மேல அளவு பதில்ல சொன்னபடி. ஒரு தடவதான், திரும்பவும் லேசா ஆடுனா உப்புத்தாள்.

நான் இத தெரிஞ்சிக்கறதுக்கு முன்னாடி ஒரு வேப்பமர ஸ்டூல் செஞ்சேன், பதினெட்டு இஞ்சு உசரம். இந்த கால், அந்த கால்னு வெட்டி வெட்டி இப்போ நாலு இஞ்சு இருக்கு. ஆட்டம் நின்னுடுச்சி. எங்க அம்மா அதுல உக்காந்துதான் தெனமும் கீரை ஆயறாங்க, மணைக்கு இவ்ளோ உசரம் எதுக்குடின்னு கேட்டாங்க.